ரசிகர்களின் வைத்தியம்

தோற்கிற அணியின் ரசிகர்களைப்போல் வைத்திய சாஸ்திரம் அறிந்தவர்கள் உலகத்திலேயே கிடையாது என்பது என் அபிப்பிராயம். 2023-ம் வருஷம் கலிபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி 73 ஆட்டங்களில் ஜயித்து 89-ல் தோற்றது. அதன் ரசிகர்களுடைய சர்ச்சைகளை நான் விடாமல் படித்தேன். ஆட்டத்தைப் பற்றிப் பேசியதைவிட எலும்பையும் தசைநாரையும் பற்றிப் பேசியதே அதிகம்!

ஜூலை மாதம் மட்டை வீசும்போது மைக் டிரவுட்டுக்கு இடது மணிக்கட்டை ஒட்டிய சின்ன எலும்பு முறிந்தது. ஏழு வாரம் கழித்து, ஆகஸ்டு 22-ந் தேதி வந்தார். ஒரே ஓர் ஆட்டம். வலி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் ஷோஹெய் ஒத்தானி பந்து வீசிக்கொண்டிருந்தபோது முழங்கைத் தசைநார் கிழிந்தது. அவரோ அன்றைய இரண்டாவது ஆட்டத்தில் மட்டை பிடித்து நின்றார்!

அகப்பட்டுக்கொண்டவர் ஆண்டனி ரெண்டன். 2019-ல் ஏழு வருஷத்துக்கு 24 கோடியே 50 லட்சம் டாலர் பேசி அவரை அமர்த்தியிருந்தார்கள். 2023-ல் 162 ஆட்டங்களில் அவர் ஆடியது 43. ஜூலை 4-ந் தேதி தாம் அடித்த பந்தே முழங்காலுக்குக் கீழே தாக்கியது. அப்புறம் அந்த வருஷம் அவர் களம் இறங்கவே இல்லை. "கை கிழிந்தவர் ஆடுகிறார், இவருக்கு என்ன?" என்று கேட்டார்கள். மோசமாக ஆடுகிறவனை ரசிகன் மன்னித்துவிடுவான். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடாதவனை மன்னிப்பதில்லை. அதனால் ரெண்டனின் கால்வலியை அளக்க ஒத்தானியின் முழங்கை அளவுகோலாயிற்று.

செப்டம்பரில் ஒத்தானி அந்த முழங்கைக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2024-ல் ஓர் ஆட்டத்தில்கூட அவர் பந்து வீசவில்லை. அளவுகோலுக்கும் வலித்திருக்கும் அல்லவா?