மூன்றரை மில்லிமீட்டர்

எது கோள் என்ற வழக்கில் எல்லோரும் உருண்டை வடிவத்தையும் ஈர்ப்பு விசையையும் பேசுகிறார்கள். தேடுபவரின் மேசைக்கு அவை இரண்டும் வருவதே கிடையாது. அங்கே கிடைப்பது ஒரு புள்ளி, அது நகர்ந்த தூரம், அவ்வளவே.

அரிசோனாவின் லோவல் வானாய்வகத்தில் 1930இல் கிளைட் டோம்பாவுக்குக் கிடைத்ததும் அதுதான். கான்சாஸ் பண்ணையிலிருந்து வந்தவர், வயது 24. ஒரே வானப்பகுதியைச் சில நாள் இடைவெளியில் இரண்டு கண்ணாடித் தகடுகளில் பதிவார். பிளிங்க் கம்பேரேட்டரில் ஏற்றி மாறி மாறிப் பார்ப்பார். விண்மீன்கள் இருந்த இடத்தில் இருக்கும். குதிக்கும் புள்ளியைப் பிடிக்க வேண்டும்.

தொல்லை கொடுத்தவை சிறுகோள்கள். பின்னோக்கி நகர்வதுபோலத் தோன்றும் வக்ரம் தொடங்கும்போதும் முடியும்போதும் அவை நின்றுவிட்டாற்போலத் தோன்றும். அப்போது கிட்டத்துச் சிறுகோளும் தொலைதூரக் கோளும் தகட்டில் ஒரே சாயல். மாதக்கணக்கான உழைப்பு இங்கேதான் பாழாகும். டோம்பா சூரியனுக்கு நேரெதிரான பகுதியை ஒட்டியே படமெடுத்தார். அங்கே வக்ரகதி உச்சத்தில் இருப்பதால், கிட்டத்தில் உள்ளது விரைவாகவும் எட்டத்தில் உள்ளது மெதுவாகவும் பின்வாங்கும். சிறுகோள் ஒரு மணி நேரப் பதிவுக்குள்ளேயே கீறலாக இழுபட்டுவிடும். ஜனவரி 23, 29 தகடுகளில், மிதுனத்தில், ஒரு மங்கல் புள்ளி ஆறு நாளில் மூன்றரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்ததை பிப்ரவரி 18 அன்று கண்டார். நெப்டியூனுக்கு அப்பாலுள்ளது என்பதற்கு அந்த அளவே சாட்சி. அதுதான் புளூட்டோ.

பின்னால் இந்த வேலை கணினிக்குப் போனது. வேகம் வந்தது, கூடவே அசட்டையும். மணிக்கு 1.5 வில்விநாடிக்கும் குறைவாக நகர்பவற்றைத் தள்ளிவிடும்படி பாலோமர் வானாய்வகத்தில் நிரலை அமைத்திருந்தார்கள். 2003 அக்டோபரில் பதிவான ஏரிஸ் என்ற தொலைதூர வான்பொருள் அதனால் தப்பியது. வரம்பைத் தளர்த்தி, தள்ளியவற்றைக் கண்ணால் மறுபடி சலித்தபோது, 2005 ஜனவரியில்தான் அகப்பட்டது.

புளூட்டோவை ஒத்த அளவுள்ள ஏரிஸ் வந்ததும் வழக்கு முற்றியது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகில், பன்னாட்டு வானியல் ஒன்றியத்தினர் மஞ்சள் அட்டைகளை உயர்த்தி முடிவுசெய்தனர்: கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில் தவறிய புளூட்டோ கோள் வரிசையிலிருந்து இறங்கியது. எவ்வளவு துப்புரவு என்பதற்குத் தீர்மானத்தில் ஓர் எண்கூட இல்லை. மில்லிமீட்டரை நம்பிப் பிழைத்த தொழிலுக்கு இது உறுத்தாமல் இருக்காது.

1801இல் பியாட்சி கண்ட சீரிசும் பல ஆண்டுகள் கோளாக இருந்து, கூட்டம் பெருகியபின் சிறுகோள் வரிசையில் 1 என்ற எண்ணுக்கு இறங்கியது. பிராக் முடிவுக்கு அடுத்த மாதம் அதே வரிசையில் புளூட்டோவுக்கு 134340 என்ற எண் கிடைத்தது.