உள்ளே போனவர் வெளியே வந்தாரா?



நம் நாட்டுப் பள்ளிகளின் நுழைவாயிலில் பாதுகாவலர் குடில் ஒன்று இருக்கும். அங்கே வருகையாளர் பதிவேடு ஒன்றும் இருக்கும். பெயர், வந்த நோக்கம், உள்ளே போன நேரம், வெளியேறிய நேரம் என்று கட்டங்கள் வரையப்பட்டிருக்கும். மாலையில் பாதுகாவலர் அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார். ஒருவருக்கு நேராக அது வெறுமையாக இருந்தால், அவர் இன்னும் வளாகத்திற்குள் இருக்கிறார், அல்லது வேறு வழியாகப் போய்விட்டார் என்று பொருள். உடனே எழுந்து தேடப் போவார்.

கணினி நிரல்களுக்கும் இத்தகைய பதிவேடு ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் எந்தச் செயற்கூறு எப்போது அழைக்கப்பட்டது, அதனிடம் என்ன கொடுக்கப்பட்டது, அது என்ன திருப்பித் தந்தது என்பவற்றை வரிசையாக எழுதி வைப்பதே அது. தடமறிதல் என்றும் செயற்பதிவு என்றும் இதனைக் கூறலாம். கணினித் துறையினர் மட்டும் அறிந்து வைத்திருக்கும் நுணுக்கமாக இது இருந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். கணினியை நம்பிப் பிள்ளைகளின் விவரங்களைக் கையாளும் ஆசிரியர்களாகிய நாமும் இதனை அறிந்திருப்பது நல்லது.

நிரல் என்பது சிறு சிறு செயற்கூறுகளின் தொகுப்பு. ஒன்று மற்றொன்றை அழைக்கும். அழைக்கப்பட்டது தன் வேலையை முடித்துக்கொண்டு அழைத்தவரிடம் திரும்பும். காகிதத்தில் எழுதப்பட்ட நிரல் ஒரு வரிசையில் இருக்கும். ஓடும்போது அதன் வரிசை வேறாக இருக்கும். நாம் எழுதும் நாட்பாடத் திட்டமும் வகுப்பில் உண்மையாக நடந்த பாடமும் ஒன்றாகவா இருக்கின்றன? அதனால்தான் பாட முடிவில் சிந்தனை மீட்சி எழுதுகிறோம். திட்டம் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. பதிவோ என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது.

இதனை நான் உணர்ந்து கொண்டது ஒரு பெற்றோர் சந்திப்பு நாளுக்கு முந்திய மாலையில்.

எங்கள் பள்ளியில் மாணவர் அடைவுநிலை அறிக்கைகளை ஆயத்தம் செய்ய ஒரு சிறு நிரல் பயன்பாட்டில் இருந்தது. பள்ளியின் நலன்விரும்பி ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்னர் பைத்தான் மொழியில் எழுதித் தந்தது. வகுப்புப் பட்டியலைக் கொடுத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிக் கோப்பாக அறிக்கையை உருவாக்கித் தரும். அன்றும் இயக்கினேன். "பணி முடிந்தது" என்று திரையில் தோன்றியது. அச்சிடுமுன் கோப்புகளை எண்ணினேன். பட்டியலில் 28 பிள்ளைகள், கோப்புகளோ 24. பிழைச் செய்தி எதுவும் இல்லை. மீண்டும் இயக்கினேன். மீண்டும் 24, மீண்டும் "பணி முடிந்தது".

விடுபட்ட நால்வரும் ஆண்டின் நடுவில் வேறு பள்ளிகளிலிருந்து மாறி வந்தவர்கள். பெற்றோர் வேலை தேடி இடம் மாறும்போது உடன் அலையும் பிள்ளைகள். புதிய வகுப்பில் தங்களுக்கு ஓர் இடம் உண்டா என்று இன்னும் ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள். எல்லாருக்கும் அறிக்கை வர, இவர்களுக்கு மட்டும் வராமல் போனால் அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

"நாலு பேருக்குத்தானே டீச்சர், கையாலேயே எழுதிக் கொடுத்திடலாமே. போன வருசமும் நான் அப்படித்தான் செய்தேன்" என்றார் சக ஆசிரியை ஒருவர். அந்த நால்வருக்கும் அன்றிரவே கையால் எழுதி முடித்தேன். ஆனால், அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் என்னை உறங்க விடவில்லை. ஆண்டுதோறும் யாரோ ஓர் ஆசிரியர், விடுபட்ட பிள்ளைகளுக்குக் கையால் எழுதிக் கொடுத்து நிலைமையைச் சமாளித்திருக்கிறார். அந்த நல்ல மனமே வழுவை இத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்திருக்கிறது!

நிரலைப் படித்துப் பார்த்தேன். குறை எதுவும் கண்ணில் படவில்லை. ஆகவே, ஒவ்வொரு செயற்கூற்றையும் சுற்றி ஓர் உறையை இட்டேன். அந்த உறை செய்யும் வேலை எளியது. செயற்கூறு அழைக்கப்பட்டவுடன் "உள்ளே" என்று அதன் பெயரையும் அதற்குக் கொடுக்கப்பட்டதையும் எழுதும். பிறகு அதனைத் தன் வேலையைச் செய்ய விடும். அது திரும்பியதும் "வெளியே" என்று எழுதும். பைத்தானில் செயற்கூற்றின் தலைக்கு மேல் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். உள்ளிருக்கும் நிரலைத் தொட வேண்டியதில்லை.

இயக்கிவிட்டுப் பதிவேட்டைப் படித்தேன். முதல் 24 பிள்ளைகளுக்கும் வரிகள் இணை இணையாக வந்தன. பெயரைத் திருத்தும் செயற்கூறு: உள்ளே, வெளியே. கோப்பை எழுதும் செயற்கூறு: உள்ளே, வெளியே. பட்டியலின் இறுதியில் இருந்த அந்த நால்வரிடம் வந்ததும் இணை உடைந்தது. கோப்பை எழுதும் செயற்கூறு: உள்ளே. அதற்கு அடுத்த வரியில் "வெளியே" இல்லை. அடுத்த பிள்ளையின் பெயர் தொடங்கிவிட்டது. உள்ளே 28 முறை, வெளியே 24 முறை. பாதுகாவலர் பதிவேட்டின் வெறும் கட்டம்!

காரணமும் அதே வரியில் இருந்தது. செயற்கூற்றுக்குக் கொடுக்கப்பட்ட பெயரில் ஒரு சாய்கோடு. மலேசியத் தமிழர் பெயர்களில் மகன் என்பதைக் குறிக்க ஏ/எல் என்றும், மகள் என்பதைக் குறிக்க ஏ/பி என்றும் மலாய்ச் சொற்களின் சுருக்கமாக எழுதுவதை அறிவோம். கணினிக்கோ சாய்கோடு என்பது கோப்புறையைப் பிரிக்கும் அடையாளம். பெயரையே கோப்பின் பெயராகக் கொடுத்தால், சாய்கோட்டுக்கு முந்திய பகுதியைக் கோப்புறை என்று எண்ணி அது தேடும். அப்படி ஒரு கோப்புறை இல்லையே! உடனே பிழை எழும். நிரலை எழுதியவர் இதனை அறிந்தே சாய்கோட்டை நீக்க வழி செய்திருந்தார். ஆனால், ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதப்பட்ட சுருக்கத்தை மட்டுமே அது தேடியது. புதிதாக வந்த நால்வரின் பெயர்களோ முழுக்கப் பேரெழுத்தில் தட்டச்சாகியிருந்தன. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்துகள்.

பிழைச் செய்தி ஏன் வரவில்லை? எந்தப் பிழை வந்தாலும் பொருட்படுத்தாமல் அடுத்த பெயருக்குச் செல்லுமாறு நிரலில் இரண்டு வரிகள் இருந்தன. ஒரு பிள்ளையின் சிக்கலால் மற்றவர்களின் அறிக்கை நின்றுவிடக் கூடாது என்ற நல்ல நோக்கமாக இருக்கலாம். ஆனால், அமைதியாகக் கடந்து செல்வதும் சரியாக முடிப்பதும் ஒன்றாகா.

திருத்தம் எளிதாக இருந்தது. கோப்பின் பெயரில் எந்தச் சாய்கோடு வந்தாலும் சிறு கோடாக மாற்றும்படி செய்தேன். அறிக்கைக்குள் பிள்ளையின் பெயரில் கை வைக்கவில்லை. இயந்திரத்தின் வசதிக்காக ஒரு பிள்ளையின் பெயரை நாம் ஏன் மாற்ற வேண்டும்? பிழை நேர்ந்தால் அந்தப் பிள்ளையின் பெயரைத் திரையில் காட்டவும், இறுதியில் "28 பேரில் 28" என்று கணக்குச் சொல்லவும் செய்தேன். இப்போது "பணி முடிந்தது" என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது.

தடமறிதலில் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு.

முதலாவது, எல்லாவற்றையும் எந்நேரமும் பதிந்தால் நிரலின் வேகம் குறையும். தேவையான வரி தேவையற்றவற்றுள் புதைந்து போகும். 2003இல் வெளிவந்த பைத்தான் 2.3 முதல் அம்மொழியுடனேயே வரும் செயற்பதிவுத் தொகுதியில் இதற்காக ஐந்து நிலைகள் உள்ளன. நுண்விவரம், தகவல், எச்சரிக்கை, பிழை, பெரும்பிழை என்று அவற்றை அழைக்கலாம். அன்றாடம் எச்சரிக்கைக்கு மேற்பட்டவை போதும். வழுவைத் தேடும் நாளில் நுண்விவரத்தைத் திறக்கலாம். பெரிய கணினிகளில் நிரலை நிறுத்தாமலேயே தடமறியும் கருவிகளும் உண்டு. 2005இல் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 இயங்குதளத்தோடு வந்த டிடிரேஸ் அவ்வகையைச் சார்ந்தது.

இரண்டாவது, பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரும் அடையாள எண்ணும் வந்து விழும். வேலை முடிந்ததும் அந்தப் பதிவேட்டை அழித்துவிட்டேன். வழுவைப் பிடிக்க வைத்த விளக்கு, பிள்ளைகளின் விவரத்தைப் பிறருக்குக் காட்டும் விளக்காகிவிடக் கூடாது.

மூன்றாவது, பதிவேடு பதிய மட்டுமே வேண்டும். 2021 டிசம்பரில் உலகத்தையே கலங்கடித்த லாக்ஃபோர்ஜே வழுவை நினைவிருக்கிறதா? ஜாவா நிரல்களில் பரவலாகப் பயன்பட்ட செயற்பதிவுத் தொகுதி அது. பதியக் கொடுத்த வாசகத்தில் குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரி இருந்தால், அதனை எழுதி வைப்பதோடு நில்லாமல் அந்த முகவரிக்கே சென்று, அங்கிருந்த நிரலைக் கொண்டு வந்து இயக்கும் நிலை இருந்தது. எழுத்தர் தம் கைக்கு வந்த கடிதத்தைப் பதியாமல், கடிதம் இட்ட கட்டளையை நிறைவேற்றக் கிளம்பியது போன்றது. அதன் கடுமைக்குப் பத்துக்குப் பத்துப் புள்ளி கொடுக்கப்பட்டது.

எங்கள் கணினிக் கழகப் பிள்ளைகளுக்கும் இப்போது இதனைக் கற்பிக்கிறேன். ஸ்கிராட்ச் மென்பொருளில் அவர்கள் தாங்களே கட்டம் ஒன்றை உருவாக்கும்போது, அதன் தொடக்கத்தில் "உள்ளே" என்றும் இறுதியில் "வெளியே" என்றும் ஒரு பட்டியலில் சேர்க்கச் சொல்கிறேன். விளையாட்டு சரியாக ஓடாதபோது, "டீச்சர், வேலை செய்யல" என்று ஓடி வந்தவர்கள், இப்போது, "டீச்சர், மூணு தடவை உள்ளே போச்சு, ரெண்டு தடவைதான் வெளியே வந்துச்சு" என்று வருகிறார்கள். முன்னது முறையீடு. பின்னது சான்று. சான்றோடு வரும் பிள்ளை பாதி வழுவைத் தானே கண்டுபிடித்துவிட்டது எனலாம்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியிலும் ஏதேனும் ஒரு நிரல் "பணி முடிந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லையென்றால், அந்த இடைவெளியில் நிற்பது ஒரு பிள்ளையாக இருக்கக்கூடும்.