வதந்திக்கு விலை கொடுப்பவர்கள்

சகோதரிகளே, "இந்த மருந்தைக் கொடுத்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் குழந்தை கிடைக்காதாம்" என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். முன்பு கல்யாண வீட்டில் காதோடு காதாகச் சொன்னார்கள். இப்போது தொலைபேசியில் அனுப்பிவிடுகிறார்கள். அப்படிக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது கானோ மாநிலம்தான்.

கானோ, நைஜீரியாவின் வடக்கே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. 2003இல் அங்கே பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதை மாநில அரசே நிறுத்திவிட்டது. பெண்பிள்ளைகளை மலடாக்கும் பொருளும் எய்ட்ஸ் கிருமியும் அந்த மருந்தில் கலந்திருக்கின்றன என்ற பேச்சுதான் காரணம். படித்த தலைவர்களும் இதைச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர். வானொலியும் பத்திரிகைகளும் அந்தப் பேச்சை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன.

அந்தத் தாய்மாரை அறிவில்லாதவர்கள் என்று ஒதுக்க என் மனம் இடம் தரவில்லை. 1996இல் கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அமெரிக்காவின் பைசர் நிறுவனம் தன் புதிய மருந்தை நோயுற்ற பிள்ளைகளிடம் பரிசோதித்தது. அதில் சேர்க்கப்பட்ட 200 பிள்ளைகளில் 11 பேர் இறந்தார்கள். இது பரிசோதனை என்று தங்களுக்குச் சொல்லவில்லை எனப் பெற்றோர் வழக்குத் தொடர்ந்தார்கள். மரணங்களுக்கு மருந்து காரணமல்ல என்று வாதாடிய நிறுவனம், 2009இல் 7.5 கோடி டொலர் கொடுக்க இணங்கியது.

போதாததற்கு, ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளைகள் போதும் என்று 1988இல் அரசாங்கம் கொள்கை வகுத்திருந்தது. 2003 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கின் வேட்பாளர் தோற்றதால் மத்திய அரசின் மீதும் கசப்பு. "காய்ச்சல் மருந்துக்குக் கூடக் காசு கேட்கிறார்கள். இதை மட்டும் வாசலுக்கே வந்து இனாமாகத் தருவானேன்?" என்று அந்தத் தாய்மார் கேட்டார்கள். நாமாக இருந்தால் கேட்டிருக்க மாட்டோமா?

ஆனால் சந்தேகம் நியாயமாக இருந்தாலும் வதந்தி உண்மையாகிவிடாதே! மருந்து நிறுத்தப்பட்ட மாதங்களில் கிருமி நிற்கவில்லை. சுமார் 20 நாடுகளுக்குப் பரவியது. பத்து வருடங்களாகப் போலியோ இல்லாதிருந்த இந்தோனேசியாவில் 2005இல் பிள்ளைகளின் கால்கள் சூம்பின. 2006இல் நைஜீரியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். அரசியல்வாதிகள் சண்டை பிடித்தார்கள். நடக்க முடியாமற் போனது பிள்ளைகளுக்கு.

2004 ஜூலையில் கானோ மீண்டும் சொட்டு மருந்தை ஏற்றுக்கொண்டது. அதட்டலால் அல்ல. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தைத் தருவித்துக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அதே தெருவைச் சேர்ந்த தாய்மாரும், போலியோவால் கால் சூம்பியவர்களுமே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஆனாலும் பழைய பேச்சு முற்றாகச் சாகவில்லை. 2013 பெப்ரவரியில், வானொலி நிகழ்ச்சியொன்று அதைத் திரும்பக் கிளறிய சில நாட்களில், மருந்து கொடுக்கப் போன ஒன்பது பெண்களாவது கானோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் பெண்கள் அந்த வேலையைக் கைவிடவில்லை. 2020 ஓகஸ்டில், இயற்கையான போலியோ வைரஸ் ஆபிரிக்காவில் ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது.

எங்கோ நடந்தது என்று நாம் இருந்துவிட முடியாது. 2018இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலப்பதாகக் கதை பரவி, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி! 2019இல் ஒரு முஸ்லிம் டாக்டர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குக் களவாகக் கருத்தடை செய்ததாகப் பத்திரிகையின் முதற்பக்கத்தில் செய்தி வந்தது. ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று புலனாய்வுத் துறையினர் நீதிமன்றத்தில் கூறினார்கள். கானோவில் நம்மவர்கள் நம்பிய அதே கதை, இங்கே நம்மைச் சுட்டது. நமக்கு எதிராகச் சொன்னால் பொய், நமக்குப் பிடித்தவர் சொன்னால் உண்மை என்றிருக்கலாமா?

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால் மற்றவருக்கு அனுப்ப முன்பு இரண்டு கேள்வி கேளுங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? பரிசோதித்துப் பார்த்தவர் யார்? பயமிருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம். கிளினிக்கில் உள்ள மிட்வைஃபிடம் நேருக்கு நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர்களின் கடமை. நம் நாட்டில் 1993இற்குப் பின் போலியோ நோயாளி எவரும் இல்லை. யுத்த காலத்தில் சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகளே சில நாட்கள் ஓய்ந்திருந்தன. அப்படிக் காத்த ஒன்றை ஒரு வாய்ப்பேச்சுக்காக நாம் இழக்கலாமா?