பேஸ்மென்ட்டில் ஒரு இன்ஜினியர்

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனிடம் ஒரு எம்பி3 சிடி இருந்தது. மேலே மார்க்கரால் ‘ராக்’ என்று மட்டும் எழுதியிருப்பான். அரியர் பேப்பருக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, “மச்சி, புக்க மூடு. இதக் கேளு” என்று ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான். எங்கோ தூரத்தில் தொடங்கி மெல்லக் கிட்டே வரும் பன்னிரண்டு தந்தி கிட்டார். அதன்மேல் ஒரு மனிதக் குரல். அது மேலே ஏறிக்கொண்டே போய், இதற்கு மேல் முடியாது என்று நாம் நினைக்கும் இடத்தில் இன்னும் ஒரு படி ஏறியது. ‘பாஸ்டன்’ குழு 1976-ல் வெளியிட்ட முதல் ஆல்பம் அது. குழுவின் பெயர்தான் ஆல்பத்துக்கும். முதல் பாட்டு ‘மோர் தேன் எ ஃபீலிங்’.

அந்த ஆல்பத்தின் பின்னால் இருந்தவர் ஓர் இன்ஜினியர் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. டாம் ஷோல்ஸ். எம்ஐடியில் மெக்கானிக்கல் முதுகலை (குரோம்பேட்டை அல்ல, மாசசூசெட்ஸ்). பகலில் போலராய்டு கம்பெனியில் வேலை. ராத்திரியில் வாட்டர்டவுனில் இருந்த வீட்டின் பேஸ்மென்ட்டில் ரெக்கார்டிங். பெரும்பாலான கிட்டார்களையும் பேஸையும் ஆர்கனையும் அவரே வாசித்தார். கடையில் கிடைக்காத ஒலிக்கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொண்டார். பல வருடம் பல கம்பெனிகள் அவருடைய டேப்பைத் திருப்பி அனுப்பின.

கடைசியில் எபிக் நிறுவனம் ஒத்துக்கொண்டது. ஆனால் ஒரு நிபந்தனை: எல்லாவற்றையும் முறையான ஸ்டுடியோவில் மறுபடி பதிவுசெய்ய வேண்டும். இணைத் தயாரிப்பாளர் ஜான் பாய்லன் குழுவின் மற்றவர்களை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கூட்டிப்போய் ஒரே ஒரு பாட்டை அங்கே பதிவுசெய்தார். அந்தச் சமயத்தில் ஷோல்ஸ் தன் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து மீதி வேலையை முடித்துக்கொண்டிருந்தார். மேனேஜருக்குத் தெரியாமல் பழைய கோடையே புரொடக்‌ஷனுக்கு அனுப்பிய கதை மாதிரி இருந்தது எனக்கு.

எட்டுப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகள் என்று சான்று பெற்றிருக்கிறது. ரொம்பப் பளபளப்பு, ‘கார்ப்பரேட் ராக்’ என்று அதை ஒதுக்கியவர்களும் உண்டு. எனக்கு அது எப்போதுமே வேடிக்கையாக இருக்கும். அந்தப் பளபளப்பை எந்தக் கார்ப்பரேட்டும் தேய்த்துக் கொண்டுவரவில்லையே. ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்த ஒரு ஆள் அல்லவா தேய்த்தார்?

எனக்கு ஷோல்ஸைப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவரை என் சோம்பலுக்குச் சாட்சியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அறைத்தோழன் நன்றாகப் பாடுவான். வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் சேர்ந்து ஒரு பாட்டு செய்தோம். வரிகளும் குரலும் அவனுடையவை; கிட்டாரும் லேப்டாப்பும் என்னுடையவை. இரண்டே வாரத்தில் பாடிக் கொடுத்துவிட்டான். நான் மிக்ஸிங்கில் உட்கார்ந்தேன். நான்கு வருடம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நிஜமாவே ஃபைனல்’ என்று பெயர். “போதும்டா, வெளிய விட்ரு” என்பான். “ஷோல்ஸ் எத்தன வருஷம் எடுத்துக்கிட்டாரு தெரியுமா?” என்பேன். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டான். பாடுவதையும் விட்டுவிட்டான் என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் அந்த ஆல்பத்தை மறுபடி முழுதாகக் கேட்டேன். இத்தனை வருடம் கிட்டார் அடுக்குகளையே கவனித்துக்கொண்டிருந்த காது, இந்த முறை குரலிடம் போய் நின்றுவிட்டது. பிராட் டெல்ப். ஒரே ஆள் தன் குரலைத் தானே அடுக்கடுக்காகப் பாடிக் கோரஸாக்கியிருப்பார். ஷோல்ஸின் இயந்திர ஒழுங்குக்குள் அந்தக் குரல் இல்லையென்றால் இந்த ஆல்பம் அழகாகச் செய்த ஒரு டெமோவாக மட்டும் மிஞ்சியிருக்கும். டெல்ப் 2007-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குரல் மட்டும் அந்த உச்சியிலேயே நிற்கிறது.

ஷோல்ஸ் எத்தனை வருடம் எடுத்துக்கொண்டார் என்பதை நான் சரியாகவே நினைவில் வைத்திருந்தேன். 1976-ல் அதைக் கையைவிட்டுக் கொடுத்துவிட்டார் என்பதை மட்டும் வசதியாக மறந்திருந்தேன். கொடுத்ததால்தானே பிற்பாடு எங்கோ ஒரு விடுதி அறையில் அரியருக்குப் படித்துக்கொண்டிருந்தவன் காதுக்கு அது வந்து சேர்ந்தது?

‘மோர் தேன் எ ஃபீலிங்’ எதைப் பற்றிய பாட்டு என்பதும் அப்போதுதான் உறைத்தது. பழகிய ஒரு பழைய பாட்டைக் கேட்டதும், விட்டுப்போன ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். அவ்வளவுதான் விஷயம். எனக்கு அந்தப் பாட்டில் நினைவுக்கு வருகிறவன் ஹெட்போனை மாட்டிவிட்டவன்.

அன்றைக்கு ராத்திரியே ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். எல்லா ‘ஃபைனல்’களையும் விட்டுவிட்டு, முதல் வாரம் செய்த கரடுமுரடான மிக்ஸை அவனுக்கு அனுப்பினேன். மன்னிப்பு என்று ஏதோ எழுதி, அழித்துவிட்டு, வெறும் ஃபைலை மட்டும் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

“இது நானாடா?”