மேனேஜர் மேடை ஏறுவதில்லை

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. செய்திகள் எல்லாம் இசையைப் பற்றியே பேசின. எனக்கு மட்டும் ஒரு சில்லறைச் சந்தேகம்: இத்தனை பேரையும் நேரத்துக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தது யார்? அந்த மாதிரிக் குழுக்களில் அதற்கென்றே ஆட்கள் உண்டு. வாசிப்பவர்களை அமர்த்த ஒருவர், மேடையில் நாற்காலி, ஸ்டாண்டு போட ஒருவர், நோட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு நூலகர். வயலின்காரர்கள் வில்லை மேலே தள்ள வேண்டுமா, கீழே இழுக்க வேண்டுமா என்ற குறியைக்கூட ஒவ்வொரு தாளிலும் ஏற்றி வைப்பது அந்த நூலகர்தான். எல்லாம் சம்பள வேலைகள்.

நம்மூர் ஆர்கெஸ்ட்ராவில் இதையெல்லாம் செய்வது யார் என்று புதுக்கோட்டைப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் கேட்டேன். “எங்க ஊர்த் திருவிழாவுக்கு வா, காட்டுறேன்” என்றார்.

அவர் காட்டியது ஒரே ஒரு ஆளை. அறுபதை நெருங்கும் வயது, சட்டைப் பையில் இரண்டு செல்போன், கக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு. ஊரில் எல்லாருக்கும் அவர் ‘மேனேஜர்’. நான் போனபோது கீபோர்டுக்காரர் ஏறிய பஸ் எங்கே வருகிறது என்று ஒரு போனிலும், கமிட்டிக்காரரிடம் சாப்பாடு எத்தனை பேருக்கு என்று இன்னொன்றிலும் பேசிக்கொண்டிருந்தார். மேடையில் மைக் செட்காரர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் “ஹலோ, செக்” சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

அவரும் பின்னாலேயே வந்தார். “நான் பேங்கோஸ் வாசிச்சவன் தம்பி” என்று ஆரம்பித்தார். அப்பா பஸ் கண்டக்டர். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஒரு மெல்லிசைக் குழுவில் பெட்டி தூக்கப் போய், பிறகு வாசிக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறார். அது கச்சேரிகளுக்கு நல்ல காலம். எஸ்.பி.பி. நடத்திய குழுவில்தானே இளையராஜாவே வாசித்தார், நாமும் அப்படி வரலாம் என்ற கனவு அந்த வயதுப் பையன்கள் எல்லாருக்கும் இருந்தது. பிறகு ரிதம் பேட் வந்தது. மூன்று பேர் வாசித்ததை ஒருவர் இரண்டு குச்சியால் தட்டி முடித்தார். “பொழப்பு போச்சு. ஆனா குழுவுல எல்லார் வீடும் எனக்குத் தெரியும். யாரு எங்க குடிப்பான், யாரு போனை எடுக்காட்டி எந்தக் கடையில சொல்லி வைக்கணும், எல்லாம் தெரியும். அதான் மேனேஜராக்கிட்டாங்க.”

நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி. ஆண் குரலுக்கு எந்த ஸ்ருதி, பெண் குரலுக்கு எந்த ஸ்ருதி, டி.எம்.எஸ். வாய்ஸ் யார், ஜானகி வாய்ஸ் யார், இடையில் வரும் புல்லாங்குழலைக் கீபோர்டில் சமாளிக்கலாமா. ஓரத்தில் சிவப்பு மையில் ஊர்ப் பெயர்கள்.

“இது என்னண்ணே?”

“அந்த ஊருல அந்தப் பாட்டைப் பாடக் கூடாது.”

சில பாட்டுகளைச் சில சாதிக்காரர்கள் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் வரியிலேயே ஒரு பக்கம் விசில், மறு பக்கம் கல். சாதி, கட்சிப் பாட்டு கூடாது என்பது போலீஸ் அனுமதியிலேயே இருக்கும் நிபந்தனை. கீழே கையெழுத்துப் போட்டவர்களில் இவரும் ஒருவர். அன்று இரவு மிக்ஸர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டத்திலிருந்து வரும் துண்டுச்சீட்டு எதுவும் அவரைத் தாண்டி மேடைக்குப் போகவில்லை. ஒரு சீட்டு ஐம்பது ரூபாய்த் தாளோடு வந்தது. படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்து, “பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கு மாப்ள, அடுத்த வருஷம் பாடச் சொல்றேன்” என்றார். பாடகர் அப்போது உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தார்!

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆண்டுக்குச் சில விழா நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். இங்கே தளர்வு இல்லை. அதனால் அவர் பாட்டு வரிசையைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் போடுகிறார். “குத்துப் பாட்டு சீக்கிரம் வந்தா பெரிசுங்க எந்திரிச்சுப் போயிரும். லேட்டா வந்தா பசங்க நிறுத்த விடமாட்டாங்க.” ஒன்பது இருபதுக்கு அதை ஆரம்பித்தார். ஒன்பது ஐம்பதுக்கு அம்மன் பாட்டு. ஆடிக்கொண்டிருந்த பையன்களே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. இதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பணம் பற்றிக் கேட்டதும் அவர் பேச்சு குறைந்தது. 2020இல் பங்குனி, சித்திரை சீசனை ஊரடங்கு விழுங்கியபோது கமிட்டிகள் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டன. குழுவின் பேஸ் கிட்டாரை விற்றுத்தான் கொடுத்தார். இப்போது புக்கிங் முழுக்க ஏஜெண்ட் கையில். கமிட்டி கொடுக்கும் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் குழுவுக்கு வருகிறது. அதிலும் மீதி நிற்கும். ஏஜெண்ட் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவதில்லை. கல் விழுந்தால் அவர் மண்டை உடையாது. நோட்டீஸில் மட்டும் அவர் பெயர் கொட்டை எழுத்தில். ஆள் குறைத்து, குரல் நீக்கிய பதிவான மைனஸ் டிராக்கில் பாடச் சொல்வதும் அவர்தான். மூன்று வாசிப்பாளர்களை வீட்டுக்கு அனுப்பி மிச்சமாகும் காசு எங்கே போகிறது என்று எந்தக் கமிட்டியாவது கேட்டதுண்டா? பந்தலுக்கு மூங்கில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறவர்கள், மேடையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதில்லை.

மேனேஜரின் பையன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். நோட்டை வாங்கிக்கொள்ள குழுவில் இன்னும் யாரும் முன்வரவில்லை.

திருவிழாக் கமிட்டியில் இருக்கிறீர்களா? அடுத்த முறை குழுவின் மேனேஜர் நம்பரையே வாங்கி நேராகப் பேசுங்கள். எத்தனை பேர் வாசிக்க வருவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை முதல் பாட்டுக்கு முன்னால் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.