ஒரு மாலை கூடுதலாக

ஆலயத் திருப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பணம் திரட்டுவதுகூட எளிது. கொடுத்தவர்களை முறையாக வரவேற்று, ஒருவர் மனமும் கோணாமல் வழியனுப்பி வைப்பதுதான் அரிது. அந்தப் பொறுப்பை இருமுறை ஏற்கும் பேறு அடியேனுக்குக் கிடைத்தது. முதல்முறை செய்த பிழையை இந்த வயதில் மறைத்து வைப்பதால் பயனில்லை. இன்று திருப்பணிக் குழுக்களில் இருப்பவர்களுக்கு உதவுமானால் உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அரசலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ச் சிவாலயம் சிறியது. தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று நான் ஊர் திரும்பியபோது, கோபுரத்தில் அரசங்கன்றுகள் வேர்விட்டிருந்தன. மழை பெய்தால் மகாமண்டபம் ஒழுகியது. பாலாலயம் செய்து வேலையைத் தொடங்கினோம். ஊரார் கொடுத்தது போதவில்லை. சென்னை, பெங்களூரு, மும்பை, சிங்கப்பூர் என்று குடிபெயர்ந்துவிட்ட ஊர்ப்பிள்ளைகள் கைகொடுத்தார்கள். ஐம்பதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் கொடுத்த உபயதாரர்கள் இருபத்தொரு பேர்.

கும்பாபிஷேக நாள் குறித்ததும், இந்த இருபத்தொரு பேரையும் மறக்க முடியாதபடி வரவேற்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆவேசம் பிறந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, பள்ளி ஆண்டு விழாவுக்குத் திட்டமிடுவதுபோல் எழுதத் தொடங்கினேன். எந்த ரயிலில் யார் வருகிறார்கள், எவர் வீட்டில் தங்குவார்கள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலிக் கழிப்பறை உள்ள வீடு எது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக என்ன சமைப்பது என எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சந்நிதித் தெரு முனையில் நாதஸ்வரம். கோபுர வாசலில் பூர்ணகும்பம். குடமுழுக்கு முடிந்ததும் மகாமண்டபத்தில் பரிவட்டம், மாலை, பிரசாதம். விமானக் கலசம் நன்றாகத் தெரியும் இடம் வசந்த மண்டபத்தின் மேல்தளம். அங்கே நாற்காலிகள் போட்டு, கயிறு கட்டி, மஞ்சள் அட்டை உள்ளவர்களை மட்டும் அனுமதிக்க வேண்டும் என்று தொண்டர்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். யாராக இருந்தாலும் அட்டை இல்லாமல் விடக்கூடாது என்றேன். இந்தக் கண்டிப்பை நினைத்துப் பெருமையும் பட்டேன்.

மாலைகளுக்கு எங்கள் ஊர்ப் பூக்காரம்மாவிடம் சொல்லியிருந்தேன். எண்பதைத் தாண்டிய மூதாட்டி. நாற்பது ஆண்டுகளாக அந்திப் பூசைக்குச் சரம் கொடுத்து வந்தவர். திருப்பணி தொடங்கியபோது, சுருக்குப் பையிலிருந்து ஆயிரத்து நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்து ரசீதுகூட வாங்காமல் போனவர். இருபத்தொரு மாலைக்கு முன்பணம் நீட்டியபோது அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"பணம் வேண்டாம் வாத்தியாரய்யா. மாலை என் உபயமா இருக்கட்டும்."

கும்பாபிஷேகத்தன்று விடியற்காலையில் இரண்டு கூடைகளில் மாலைகள் வந்தன. இரவெல்லாம் கண்விழித்துக் கட்டியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு இருந்தன. ஒன்று அதிகமாயிருக்கிறதே அம்மா என்றேன்.

"இருக்கட்டும். இவ்வளவு பெரிய காரியத்துல யாராவது ஒருத்தர் விட்டுப்போயிருப்பாங்க" என்றார்.

அந்தச் சொல்லை நின்று கேட்க எனக்கு நேரமில்லை. யாகசாலையில் பூர்ணாகுதி நடந்துகொண்டிருந்தது. மும்பையிலிருந்து வந்தவரின் வண்டி ஆற்றுப் பாலத்தில் நிற்பதாகத் தகவல் வந்தது. ஓடினேன்.

நாங்கள் திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தது. மேளதாளத்துடன் சிவாச்சாரியார்கள் கடங்களைச் சிரசில் தாங்கி வலம் வந்தார்கள், சாரத்தில் ஏறினார்கள், வானில் கருடன் வட்டமிட்டதும் 'நமச்சிவாய' என்ற முழக்கம் எழுந்தது. மகாமண்டபத்தில் இருபத்தொரு பேருக்கும் மரியாதை செய்தோம். இப்படியொரு வரவேற்பை எங்கும் பார்த்ததில்லை என்று சொல்லிச் சென்றார்கள்.

மாலையில் மண்டபத்தைப் பெருக்கும்போதுதான் கூடையின் அடியில் அந்த ஒற்றை மாலையைக் கண்டேன். வாடியிருந்தது. அருகிலிருந்த தொண்டர், பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை, தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சார், காலையில பூக்காரம்மா மேல்தளத்துக்கு வந்தாங்க. கண்ணு சரியாத் தெரியல, கிட்டத்துல நின்னு கலசத்தைப் பாத்துக்கறேன்னாங்க. அட்டை இல்லைன்னு நான் விடலை. நீங்க சொன்னீங்களே சார்."

அவன் மீது தவறில்லை. ஒரு தட்டில் பிரசாதம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து மறுநாள் பூசைக்கு மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்.

"கூட்டத்துல ஒண்ணும் தெரியலைய்யா. ஆனா எல்லாரும் கும்பிட்ட சத்தம் கேட்டுச்சு. நானும் கையைத் தூக்கிக் கும்பிட்டுக்கிட்டேன்."

அதில் குறையே இல்லை. குறை சொல்லியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டு மனச்சுமையை இறக்கியிருப்பேன். அடுத்த குடமுழுக்குக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இரண்டு மழைக்காலம் கழித்து அவர் சிவபதம் அடைந்தார்.

அதன்பின் திருநின்றவூர் பூசலார் நாயனாரின் வரலாற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேறு விதமாகத் தோன்றும். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். அதே நாளில் தன் அன்பர் ஒருவர் மனத்துள் கட்டிய கோயிலில் எழுந்தருள வேண்டியிருப்பதால் நாளைத் தள்ளி வைக்குமாறு இறைவன் கனவில் அவனுக்குச் சொன்னார். மன்னன் அந்த ஏழை அன்பரைத் தேடிப் போய் அவர் காலில் விழுந்தான். இறைவனின் விருந்தினர் பட்டியல் வேறு, நம் பட்டியல் வேறு. மன்னனுக்கு அது குடமுழுக்குக்கு முன்பே தெரிந்தது. எனக்குப் பின்னால் தெரிந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் நிறைவு செய்த இராசராச சோழனும் இதை அறிந்திருந்தான். தான் கொடுத்தவற்றோடும், தமக்கையும் தேவியரும் கொடுத்தவற்றோடும் நிறுத்தவில்லை. பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு பணித்தான். பேரரசன் பெயர் இருக்கும் கோயிலில் மற்றவர் பெயருக்கும் இடம் இருந்தது. எங்கள் சிறிய கோயிலில் ஒரு மூதாட்டிக்கு நிற்க நான் இடம் வைக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. மீண்டும் திருப்பணி, மீண்டும் நானே செயலாளர். பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். நாதஸ்வரத்தையும் பூர்ணகும்பத்தையும் விட்டுவிடவில்லை. தொலைவிலிருந்து வந்து பெருந்தொகை கொடுப்பவர்களுக்கு மரியாதை செய்வது நம் கடமை. அதில் குறை வைப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் சிலவற்றை மாற்றினேன்.

அழைப்பிதழைத் தபாலில் அனுப்பியதோடு நில்லாமல், ஊருக்குள் பத்து ரூபாய் கொடுத்தவர் வீட்டுக்கும் தாம்பூலத்துடன் போய் அழைத்தோம். ஒவ்வொருவர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டுச் சங்கல்பத்தில் சேர்த்தோம். முதல்நாள் மாலையில் வரவு செலவுக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் படித்தோம். கொடுத்தவர்களுக்குச் செய்யும் முதல் மரியாதை அதுவே என்று இப்போது நம்புகிறேன். கல்வெட்டில் தொகையைக் குறிக்காமல் அகர வரிசையில் பெயர்களை வெட்டினோம். ரசீது வாங்காமல் போனவர்களையும் விசாரித்துச் சேர்த்தோம். முன் குடமுழுக்குக்குக் கொடுத்து மறைந்தவர்களின் பெயர்களும் அதில் உண்டு. வசந்த மண்டபத்தின் மேல்தளத்தை எழுபது வயதைக் கடந்தவர்களுக்கென்று ஒதுக்கினோம். அங்கே அட்டை கேட்கவில்லை. படியேற முடியாதவர்களைப் பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்த பெரிய உபயதாரர் ஒருவர் தமக்கு எங்கே இடம் என்று கேட்டார். விவரத்தைச் சொன்னேன். அவர் முகம் சற்றே மாறியது. பிறகு கீழே, தம்மோடு தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள் இருந்த இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். போகும்போது நன்கொடை குறித்து எதுவும் பேசவில்லை. ஆனால் மண்டலாபிஷேகத்தின் நாற்பத்தெட்டாம் நாளில் அவரிடமிருந்து அன்னதானத்துக்கு ஒரு தொகை வந்தது; தம் பெயரைப் போட வேண்டாம் என்றொரு குறிப்பும் உடன் இருந்தது.

மாலைகளை இம்முறை பூக்காரம்மாவின் பேத்தி கட்டினாள். எத்தனை வேண்டும் என்று கேட்டாள். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, "ஒன்று கூடுதலாக இருக்கட்டும் அம்மா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

குடமுழுக்கு முடிந்ததும் அந்த மாலையை எடுத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தேன். யாகசாலைக்கு நான்கு நாளும் விறகு சுமந்த முதியவர் ஒருவர் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். எங்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.