ஏற்காட்டில் கற்ற பூப்பாடம்

"சித்தி, நான் வர்ற வரைக்கும் இதைப் பார்த்துக்குங்க!" என்று ஒரு சின்னத் தொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, பெங்களூரிலிருந்த என் அக்கா மகள் கணவரோடு வெளிநாடு போய்விட்டாள். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டாம். பூவின் கீழிதழ் குட்டிச் செருப்பின் முனைபோலக் குழிந்திருப்பதால் அந்தப் பெயர். கலப்பின வகை என்றும் சொன்னாள்.

துளசியும் மல்லியும் வளர்த்த கைதானே என்று எனக்கு ஒரு தைரியம். தருமபுரி வெயிலுக்குப் பயந்து காலையும் மாலையும் போர் தண்ணீரை ஊற்றினேன். மூன்றே மாதத்தில் இலை நுனிகள் கருகின. பிறகு நடுக்குருத்து அழுகிக் கையோடு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரே ஒரு கன்று மட்டும் பச்சையாக இருந்தது. நம்பிக் கொடுத்தவளுக்கு என்ன பதில் சொல்வது?

"ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டமே இருக்கே, போய்க் கேட்டால் என்ன?" என்றார் என் வீட்டுக்காரர். அந்த வாரமே கிளம்பினோம். தொப்பூர் கணவாய் தாண்டி, சேலத்தில் பஸ் மாறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடித்தால் காற்றே வேறு! சுமார் 1,500 மீட்டர் உயரம் அல்லவா?

இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் 1960-களிலிருந்து அங்கே இருக்கிறது. பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள். நான் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தத் தண்ணிம்மா ஊத்துறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபின், போர் தண்ணீரை என் பிள்ளைகள் குடிக்க விட்டதில்லை. செடிக்கு மட்டும் அதையே ஊற்றியிருக்கிறேனே! அந்த நீரிலுள்ள உப்பு இதன் வேரைக் கருக்கிவிடுமாம். மழைநீர்தான் இதற்குத் தாய்ப்பால்.

அவர் சொன்னதையும் நான் பட்டறிந்ததையும் சொல்கிறேன். மண்ணில் நடவேண்டாம். பல நாள் ஊறவைத்து உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைந்த ஓடு இவை போதும். மற்ற பல ஆர்க்கிட்டுகளைப்போல நீரைச் சேர்த்து வைக்கும் தண்டுக்கிழங்கு இதற்கில்லை. ஆகவே வேர்ப்பகுதி முழுக்கக் காயவும் கூடாது, சொதசொதவென்று நிற்கவும் கூடாது. காலையில் மட்டும் ஊற்றுங்கள். குருத்தில் நீர் தேங்கினால் துணி முனையால் ஒற்றிவிடுங்கள். உச்சி வெயில் படாத வடக்குத் தாழ்வாரம் நல்லது. கோடையில் ஈரக் கூழாங்கல் தட்டின்மேல் தொட்டியை வையுங்கள். அடி நீரைத் தொடக்கூடாது. நம்மைப் போன்ற வெப்ப ஊருக்கு இலையில் புள்ளிக்கோலம் உள்ள கலப்பினங்கள் ஏற்றவை. வெறும் பச்சை இலை வகைகளில் பல குளிர் கேட்கும். ஒரு முளை ஒருமுறைதான் பூக்கும். அடுத்த பூ பக்கக் கன்றில்தான். பூத்த முளையை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. தென்னிந்தியாவுக்கென்று உள்ள ஒரே ஸ்லிப்பர் ஆர்க்கிட் அகத்தியமலைப் பகுதியில் வளர்வது. மஞ்சள் பூ, நடுவில் பழுப்புக் கோடு. 1865-இல் ட்ரூரி என்பவர் கண்டார். பிறகு பல காலம் கண்ணில் படாமலிருந்து, 1972-இல் மறுபடி அகப்பட்டது. அதன்பின் ஆசைக்காரர்கள் பிடுங்கிப் பிடுங்கியே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. 1869-இலேயே இங்கிலாந்தில் கலப்பின ஸ்லிப்பர் ஆர்க்கிட் பூத்துவிட்டது. நமக்கு எதற்குக் காட்டுச் செடி? ரசீது தரும் நர்சரியில், வளர்த்த கலப்பினமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊர் திரும்பியதும் மொட்டைமாடிக் குழாயடியில் ஒரு பீப்பாய் வைத்தேன். மூன்றாம் வருஷம் மார்கழியில் அந்தக் கன்று பூத்தது! ஒன்றரை மாதம் வாடவில்லை. படம் அனுப்பி, தாய்ச்செடி போன கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். "அது உங்ககிட்டயே இருக்கட்டும் சித்தி. நான் வரும்போது ஒரு கன்று மட்டும் குடுங்க" என்றாள். இப்போது இரண்டு கன்றுகள் முளைத்திருக்கின்றன. ஒன்று அவளுக்கு.